டிக் டிக் சத்தம் முதல் ‘ஃபார்மட் செய்யவா’ வரை: பழுதாகும் ஹார்டு டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்கும் வழி

டிஸ்க் முரண்டு பிடிக்கத் தொடங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதற்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துவது. மறுபடி மறுபடி ஆன் செய்து ‘இந்தத் தடவையாவது வருமா’ என்று பார்ப்பதில்தான் பாதி டிஸ்குகள் போய்ச் சேருகின்றன. ஹெட் (தகட்டின் மேல் நகர்ந்து தகவலைப் படித்து எழுதும் முனை) பழுதான டிஸ்க் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தகட்டில் கீறல் விழ வாய்ப்புண்டு. கீறல் விழுந்த இடத்தில் இருந்ததை எந்தத் தகவல் மீட்பு லேபும் திருப்பித் தர முடியாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் பல வீடுகளில் முன்னோர் நேட்டாலுக்கு வந்த கப்பல் பதிவேட்டின் ஸ்கேன், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குக் கொடுத்த காலனி எண் எழுதிய தாள், கல்யாண வீடியோ, காவடிப் படங்கள் எல்லாமே அலமாரியில் கிடக்கும் ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்கில்தான் இருக்கும். கோயில் கமிட்டிக் கணக்கும் பெரும்பாலும் அப்படியே. வேறெங்கும் நகல் இல்லையென்றால், கீழே ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

செய்யக் கூடாதவை நான்கு. விண்டோஸின் செக் டிஸ்கை ஓட்டக் கூடாது. அது கோப்புகளைக் காப்பாற்ற வந்ததல்ல, கோப்பு அமைப்பை (எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணையை) ஒழுங்கு செய்ய வந்தது. ஒழுங்கு செய்கிறேன் என்று உங்கள் ஃபோல்டர்களையே வெட்டி எறியும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவக் கூடாது. மூடியைத் திறக்கக் கூடாது. தகட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே சில நானோமீட்டர் இடைவெளிதான், ஒரு தூசி போதும். ஃப்ரீஸரில் வைக்கவும் கூடாது. இந்த யோசனை இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. டர்பன் ஈரக்காற்றில் ஃப்ரீஸரிலிருந்து வெளியே எடுத்த டிஸ்கின் தகட்டில் நீர்த்திவலை படியும். அதற்கு மேல் ஹெட் ஓடினால் கதை முடிந்தது.

மின்சாரம் போனபோதா, வந்தபோதா?

லோட் ஷெடிங்குக்குப் (முறைவைத்து வரும் மின்வெட்டு) பிறகு டிஸ்க் கெட்டது என்றால் முதலில் இதைக் கேளுங்கள். மின்சாரம் போகும் நேரத்தில் ஹெட் பெரும்பாலும் தப்பிவிடும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரின் மிச்ச வேகத்தில் பிறக்கும் மின்னாற்றலைக் கொண்டே டிஸ்க் தன் ஹெட்டை ஓரமாக ஒதுக்கிக்கொள்ளும். கெடுவது பாதியில் நின்ற எழுத்துவேலை. எனவே அப்போது வருவது கோப்பு அமைப்புக் கோளாறு, அதாவது ‘ஃபார்மட் செய்யவா’ வகை. மின்சாரம் திரும்பி வரும்போது அடிக்கும் மின்னழுத்தத் துள்ளல்தான் சர்க்யூட் போர்டைச் சுடுகிறது. அதன் அடையாளம் அசைவே இல்லாத டிஸ்க். 2023 முழுக்க நாளுக்குப் பல முறை மின்சாரம் போய் வந்த வீடுகளில் இரண்டு வகையும் இருக்கும்.

அறிகுறி: சத்தமே இல்லை, அதிர்வும் இல்லை

டிஸ்கை உள்ளங்கையில் வைத்து மின்சாரம் கொடுங்கள். சுழற்சி தொடங்கும் மெல்லிய உந்தல் கைக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, முதலில் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். 3.5 அங்குல எக்ஸ்டர்னல் பெட்டிகள் பொதுவாக 12 வோல்ட் அடாப்டரில் ஓடும். லேப்டாப் அடாப்டர் பெரும்பாலும் 19 வோல்ட். அதன் முனை சில பெட்டிகளில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், வினையும் அங்கேதான். அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருக்கும் ‘அவுட்புட்’ வரியைப் படிக்காமல் எதையும் செருகாதீர்கள்.

அதிக வோல்ட் பாய்ந்திருந்தால் போர்டில் உள்ள டிவிஎஸ் டயோடு என்ற மின்னழுத்தத் தடுப்புப் பாகம் தன்னைப் பலிகொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கும். 3.5 அங்குல டிஸ்கில் வழக்கமாக இரண்டு இருக்கும்: 5 வோல்ட் பாதைக்கு ஒன்று, 12 வோல்ட் பாதைக்கு ஒன்று. இரண்டும் மின் கனெக்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கறுப்புச் சதுரங்கள். டெஸ்க்டாப்பில் இதற்குத் தெளிவான அடையாளம் உண்டு: அந்த டிஸ்கைப் பொருத்தினால் கம்ப்யூட்டரே ஆன் ஆகாது, கழற்றினால் ஆன் ஆகும். மின்சாரம் இல்லாத நிலையில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து டயோடின் இரு முனைகளையும் தொடுங்கள். முனைகளை மாற்றி வைத்தாலும் சுழியத்தை ஒட்டியே காட்டினால் அது ஷார்ட். அதைக் கழற்றிவிட்டாலும் டிஸ்க் ஓடும், ஏனெனில் அது காவலாளி மட்டுமே. ஆனால் காவல் இல்லாத டிஸ்கை நம்பகமான டெஸ்க்டாப் பவர் சப்ளையில் மட்டும், நகல் எடுத்து முடிக்கும் வரை மட்டும் ஓட்டுங்கள். சால்டரிங் பழக்கமில்லாதவர்கள் இதைக் கைபேசி போர்டு பழுது பார்ப்பவரிடம் கொடுக்கலாம். அவருக்கு இது சில நிமிட வேலை.

டயோடு நன்றாக இருந்து போர்டில் வேறெங்காவது கரிந்த புள்ளி தெரிந்தால், போர்டு மாற்ற வேண்டியிருக்கும். அதே மாடல் டிஸ்கின் போர்டை வாங்கி அப்படியே திருகிவிட்டால் போதும் என்பது பழைய காலத்துச் சமாச்சாரம். இன்றைய டிஸ்க் ஒவ்வொன்றும் தன் ஹெட்டுக்கான தனி அளவுகளை எட்டுக் கால் ரோம் (ROM) சிப்பில் வைத்திருக்கிறது. போர்டு எண் ஒன்றாக இருந்தாலும் பழைய போர்டின் சிப்பைப் புதியதற்கு மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் சுழலும், ஆனால் அடையாளம் தெரியாது, அல்லது டிக் டிக் அடிக்கும். சில மாடல்களில் அந்தச் சிப் தனியாக இல்லாமல் பெரிய கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும். அது லேப் வேலை.

கடற்கரை ஊர்களுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. இசிப்பிங்கோ, மெரிபேங்க் மாதிரி உப்புக்காற்று வீசும் இடங்களில் போர்டின் அடிப்பக்கத்துத் தொடர்புப் புள்ளிகள் கறுத்துப்போகும். டி5 அல்லது டி6 டோர்க்ஸ் திருப்புளியால் போர்டைக் கழற்றினால், மோட்டாருக்கும் ஹெட்டுக்கும் போகும் சிறு பட்டைகள் தெரியும். அவை வெள்ளியாக மின்ன வேண்டும். சாம்பலாகவோ கறுப்பாகவோ இருந்தால் வெள்ளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள், தூளை ஊதாமல் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள். போர்டைக் கழற்றுவது மூடியைத் திறப்பதாகாது. தகடு இருக்கும் அறை மூடியேதான் இருக்கும். அவ்வப்போது காணாமல்போய்த் திரும்பி வரும் டிஸ்குகளில் சில இந்தத் துடைப்பிலேயே சரியாகிவிடும்.

அறிகுறி: ‘பீப்’ அல்லது ‘விர்ர்’ என்று விட்டுவிட்டு முனகல்

லேப்டாப் அளவு 2.5 அங்குல டிஸ்குகளில் அதிகம். போதிய மின்சாரம் கிடைக்காவிட்டாலும் இந்தச் சத்தம் வரும். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தருவதற்கே கட்டுப்பட்டது, யூஎஸ்பி 3 என்றால் 900. ஹப்பை விட்டுவிட்டு, டெஸ்க்டாப்பின் பின்பக்கத்து நீல போர்ட்டில், குட்டையான வேறு கேபிளில் ஒரே ஒரு முறை முயலுங்கள். அப்போதும் முனகினால் ஹெட் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது மோட்டார் இறுகிவிட்டது. ஓடும்போது கீழே விழுந்த டிஸ்கில் இது வழக்கம். தட்டுவது, ஆட்டுவது, திருகுவது எதுவும் வேண்டாம். நிறுத்துங்கள், லேபுக்கு.

அறிகுறி: டிக்… டிக்… டிக்… பிறகு அமைதி

ஹெட் தன் இடத்தைத் தேடி, கிடைக்காமல், ஓரத்தில் போய் முட்டித் திரும்பும் சத்தம் இது. பலவீனமான அடாப்டரும் இதே சத்தத்தைக் கிளப்பும் என்பதால் நல்ல மின்சாரத்தில் ஒரு முறை சோதிப்பது நியாயம். இரண்டாம் முறைக்கு நியாயமில்லை. இந்த நிலையில் எந்த மென்பொருளும் உதவாது. வீடியோவில் காட்டுகிற மாதிரி சமையலறை மேசையில் ஹெட் மாற்றுபவர்கள், வெற்றி பெற்றதை மட்டும்தான் காட்டுகிறார்கள்.

அறிகுறி: தெரிகிறது, ஆனால் ஃபோல்டர் திறக்க அரை நாள்; கம்ப்யூட்டரே உறைகிறது

கை வேலைக்கு இடமுள்ள நிலை இதுதான். பெரும்பாலும் பேட் செக்டார் (தகட்டில் படிக்க முடியாமல் போன சிறு தகவல் கட்டம்), சில நேரம் வெறும் கேபிள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற கருவியில் ஸ்மார்ட் பட்டியலை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) திறந்து, கச்சா மதிப்பைப் பாருங்கள். 5-ஆம் எண், மாற்று இடத்துக்கு ஒதுக்கப்பட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198, திருத்தவே முடியாதவை. இவற்றில் 197 ஏறிக்கொண்டே போனால் நேரம் குறைவு என்று பொருள். 199 மட்டும் ஏறுகிறதா, அது டிஸ்குக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையிலான தகவல் பிழை. சாட்டா கேபிளை (கம்ப்யூட்டருக்குள் டிஸ்கை இணைக்கும் கேபிள்) மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, மேலும் ஏறாமல் நின்றாலே போதும். சீகேட் டிஸ்கில் 1-ஆம் எண் கோடிக்கணக்கில் காட்டினால் பயப்படாதீர்கள், அந்த நிறுவனம் அதைக் கணக்கிடும் முறையே அப்படி. பட்டியல் ‘நலம்’ என்று சொன்னாலும் முழுக்க நம்ப வேண்டாம். கண்ணுக்கு முன்னால் திணறும் டிஸ்கின் வாக்குமூலம்தான் பெரிது.

உறைவதற்குக் காரணம் இது: ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் உள்ளுக்குள்ளேயே பல நொடிகள் திரும்பத் திரும்ப முயலும். விண்டோஸ் தன் பங்குக்கு மறுபடி கேட்கும். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டுக் காப்பி செய்தால் கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். எனவே நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, கெட்டதைக் கடைசிக்கு ஒதுக்கும் கருவி வேண்டும். அது டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற லினக்ஸ் மென்பொருள்.

நகல் எடுக்கும் முறை

தேவை: பழுதான டிஸ்குக்குச் சமமான அல்லது பெரிய இன்னொரு டிஸ்க், சிஸ்டம்ரெஸ்க்யூ லினக்ஸ் ஏற்றிய ஒரு யூஎஸ்பி குச்சி, மேப் கோப்பை (எவ்வளவு படித்தாயிற்று என்ற குறிப்பு) வைக்க இன்னொரு குச்சி. சிஸ்டம்ரெஸ்க்யூவைத் தேர்வதற்குக் காரணம், அது டிஸ்குகளைத் தானாக மவுன்ட் செய்வதில்லை, அதாவது கேட்காமல் திறந்து இணைப்பதில்லை. டிஸ்கை யூஎஸ்பி பெட்டியில் வைக்காமல், முடிந்தால் நேராகச் சாட்டா கேபிளில் கொடுங்கள். 2 டெராபைட்டை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படித்தால் ஐந்தரை மணி நேரம். யூஎஸ்பி 2-இல் அதுவே பதினாறு மணி நேரத்தைத் தாண்டும். கெட்ட டிஸ்க் இன்னும் மெதுவாகத்தான் போகும், சில நேரம் நாள்கணக்கில்.

துவங்கியதும் டிஸ்குகளைப் பட்டியலிடும் கட்டளையில் மாடல், சீரியல் எண், அளவு மூன்றையும் பார்த்து எது மூலம், எது இலக்கு என்று தாளில் எழுதுங்கள். டிஸ்கின் மேல் ஒட்டிய லேபிளோடு சீரியல் எண் ஒத்துப்போக வேண்டும். எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்ற பெயர்கள் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இடம் மாறக்கூடும். நேற்றைய பெயரை நம்பி இன்றைக்குத் தட்டினால் வெற்று டிஸ்கை எடுத்து உங்கள் படங்களின் மேல் எழுதிவிடும்.

டிடிரெஸ்க்யூ கட்டளையின் வரிசை: ஆப்ஷன்கள், மூல டிஸ்க், இலக்கு டிஸ்க், மேப் கோப்பு. முதல் ஓட்டத்துக்கு மூன்று சிறிய எழுத்து ஆப்ஷன்கள்: டி (-d), எஃப் (-f), என் (-n). டி, லினக்ஸின் இடைச் சேமிப்பைத் தவிர்த்து நேராகப் படிக்கச் சொல்கிறது. எஃப், இலக்கு ஒரு முழு டிஸ்க் என்பதை ஒப்புக்கொள்கிறது. என், கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகச் சொல்கிறது. இந்த ஓட்டத்திலேயே பெரும்பகுதி வந்துவிடும். இரண்டாம் ஓட்டத்தில் என்-ஐ எடுத்துவிட்டு, சிறிய ஆர் எழுத்தோடு 3 (-r3) சேருங்கள். கெட்ட செக்டார்களை மூன்று சுற்று முயலும். அதற்கும் மசியாததைப் பெரிய ஆர் (-R) சேர்த்துப் பின்னாலிருந்து படிக்கச் சொல்லலாம். சில நேரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

மேப் கோப்பில்தான் இந்த ஊருக்கான நன்மை இருக்கிறது. எந்த இடம் படித்தாயிற்று, எது பாக்கி என்று அதில் எழுதப்படுவதால், நடுவில் மின்சாரம் போனாலும் அதே கட்டளையை அதே மேப் கோப்போடு மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் கோப்பை லைவ் லினக்ஸின் வீட்டு ஃபோல்டரில் வைத்தால் அது நினைவகத்தில்தான் இருக்கும், மின்சாரத்தோடு சேர்ந்து அதுவும் போகும். இன்னொரு குச்சி கேட்டது இதற்குத்தான். லோட் ஷெடிங் அட்டவணை நடப்பில் இருந்தால், வெட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு கன்ட்ரோல் சி கொடுத்து நிறுத்தி, முறையாக அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கி வையுங்கள். மின்சாரம் வந்து சிறிது நேரம் கழித்து மாட்டுங்கள். யூபிஎஸ் இருந்தால் நல்லது. அதை மட்டும் நம்பி இரண்டு மணி நேர வெட்டைத் தாண்ட நினைக்காதீர்கள்.

டிஸ்கின் மேல் ஒரு சிறு ஃபேன் காற்று படட்டும். கோடையில் ஜன்னல் மூடிய அறையில் 50 டிகிரியைத் தாண்டிவிடும், சூடு ஏறினால் பிழையும் ஏறும். ஓட்டத்தின் நடுவில் டிக் டிக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். அதுவரை வந்தது இலக்கில் பத்திரமாக இருக்கும்.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். இனி எல்லாச் சோதனையும் நகலில்தான். பார்ட்டிஷன் (டிஸ்கின் பிரிவு) காணவில்லையென்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள். பெயரும் ஃபோல்டரும் போனாலும் படங்கள் வந்தால் சரி என்றால் ஃபோட்டோரெக். பின்னது ஆயிரக்கணக்கான படங்களை எண் பெயரில் கொட்டிவிட்டுப் போகும். பிரித்து அடுக்க ஒரு வாரக் கடைசி வேண்டும், ஆகவே அதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ‘பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’, அல்லது ‘ரா’ (RAW, கோப்பு அமைப்பு தெரியவில்லை) என்று காட்டுகிறது

‘வேண்டாம்’ என்று அழுத்துங்கள். டிஸ்க் நலமா என்று ஸ்மார்ட் பட்டியலைப் பாருங்கள். நலமாக இருந்தாலும் முதலில் நகல், பிறகு டெஸ்ட்டிஸ்க். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பு தன் துவக்கப் பகுதியின் பிரதி ஒன்றைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் அதை எடுத்து முன்னால் வைக்கும். பிட்லாக்கர் (விண்டோஸின் மறையாக்கப் பூட்டு) போட்ட டிஸ்க் என்றால் பாஸ்வேர்டோ 48 இலக்க மீட்புச் சாவியோ இல்லாமல் எதுவும் நடக்காது. சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடிப் பாருங்கள்.

எக்ஸ்டர்னல் பெட்டியிலிருந்து டிஸ்கைக் கழற்றி நேராகச் சாட்டாவில் மாட்டியதும் ‘ரா’ என்றோ வெற்று என்றோ வந்தால் பதற வேண்டாம். சில பெட்டிகள் 512 பைட் செக்டாரை 4096 என்று மாற்றிச் சொல்லும். பெட்டியை விட்டு வந்ததும் பார்ட்டிஷன் கணக்கு பொருந்தாது. மறுபடி அதே பெட்டியில் போட்டால் தெரியும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் பலவற்றில் வேறு சிக்கல்: யூஎஸ்பி போர்ட் டிஸ்கின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், சாட்டா முனையே இராது. பாஸ்வேர்டு போடாவிட்டாலும் தகவல் மறையாக்கப்பட்டே எழுதப்பட்டிருக்கும். அந்தப் போர்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், சாவி அதோடு பிணைந்தது.

அறிகுறி: அளவு 0 அல்லது வினோதமான பெயர்

டிஸ்க் தன் சொந்த ஃபர்ம்வேரை (தன்னை இயக்கும் உள் மென்பொருளை) தகட்டிலிருந்து படிக்க முடியவில்லை. சீகேட் பாராகூடா 7200.11 டிஸ்குகள் 2009-இல் இப்படித்தான் பெயர் கெட்டன. ‘இனிஷியலைஸ்’ கேட்டால் மறுத்துவிட்டு லேபுக்கு.

அறிகுறி: கை தவறி அழித்தது

அழித்த இடத்தில் புதிதாக எழுதாதவரை கோப்பு அங்கேயே இருக்கும். உடனே நிறுத்தி நகல் எடுங்கள். எஸ்எஸ்டி என்றால் நிலைமை வேறு: ட்ரிம் கட்டளை அழித்த இடத்தைத் துடைத்துவிடும், நிமிடக்கணக்குதான். புதிய ஷிங்கிள்டு (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) வகை ஹார்டு டிஸ்குகள் சிலவும் ட்ரிம் ஏற்கின்றன.

அறிகுறி: வெள்ளத்தில் நனைந்தது

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் சேற்றுநீர் புகுந்தது. நனைந்த டிஸ்கை வெயிலில் காய வைப்பதும், அரிசி டப்பாவில் போடுவதும், ‘காய்ந்துவிட்டதே’ என்று ஆன் செய்து பார்ப்பதும் மூன்றும் தவறு. சாதாரண டிஸ்கின் மூடியில் காற்று போகும் சிறு துளை ஒன்று உண்டு, அதன் வழியே நீரும் போயிருக்கும். காய்ந்தால் சேறும் உப்பும் தகட்டில் இறுகிவிடும். வெளியே ஒட்டிய சேற்றைத் துடைத்துவிட்டு, ஈரம் காயாதபடி ஜிப் பையில் போட்டு மூடி, சீக்கிரமாக லேபில் சேருங்கள். ஹீலியம் நிரப்பிய பெரிய டிஸ்குகளில் துளை இராது. அங்கே போர்டைச் சுத்தம் செய்தாலே பிழைக்க வாய்ப்பு அதிகம்.

லேபுக்கு அனுப்பும்போது

ஹெட் மாற்றும் வேலை பல ஆயிரம் ராண்ட் வரை போகும். அதனால் மூன்று கேள்விகளை முதலிலேயே கேளுங்கள்: கோப்பு கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, உதிரி டிஸ்கின் விலை தனியா, தூசியற்ற மேசை உங்களிடமே இருக்கிறதா அல்லது வேறெங்கோ அனுப்புகிறீர்களா. மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டாமல் முழுப் பணம் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். கூரியரில் அனுப்பினால் ஆன்டி ஸ்டாட்டிக் பையில் போட்டு, எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் ஃபோம் வைத்து, அசையாத பெட்டியில் வையுங்கள். என்ன நடந்தது, யார் என்ன முயன்றார்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். முன்பு யாராவது மூடியைத் திறந்திருந்தால் மறைக்காதீர்கள், லேபில் திறந்ததுமே தெரிந்துவிடும்.

கிடைத்தது முழுசா என்று பார்ப்பது

கோப்புப் பெயரும் அளவும் சரியாக இருப்பதால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. படிக்க முடியாமல் போன செக்டாரை டிடிரெஸ்க்யூ நகலில் எழுதாமல் விட்டுவிடும்; இலக்கு வெற்று டிஸ்க் என்றால் அங்கே வெறும் சுழியங்கள், பழைய டிஸ்க் என்றால் முன்பு இருந்த குப்பை. சிறு படமாகப் பார்த்தால் ஒழுங்காகத் தெரியும் ஜேபெக், பெரிதாக்கினால் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையாக இருக்கலாம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தேவையில்லை. டிடிரெஸ்க்யூவின் ஃபில் முறையில், மேப் கோப்பைக் காட்டி, கெட்டதாகக் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டும் ‘கெட்டுப்போன செக்டார்’ மாதிரி ஒரு சொற்றொடரை நகலில் எழுதச் சொல்லலாம். எழுதியபின் நகலைப் படிக்க மட்டுமாக மவுன்ட் செய்து, எல்லாக் கோப்புகளுக்குள்ளும் அந்தச் சொற்றொடரைத் தேடுங்கள். வரும் பட்டியல்தான் பழுதான கோப்புகளின் பட்டியல். கப்பல் பதிவேட்டு ஸ்கேன் அதில் இருந்தால், மூலத் தாளை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியது அந்த ஒரு பக்கத்தை மட்டுமே.